ஆயிரம் ரூபாவின் நிறை



"பொருளாதார வளர்ச்சியில் மத்திய வங்கியின் பங்கு" என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் முன்வரிசை அக்காமார் சிலருக்கு ஒரு கேள்வி வந்திருக்கும். கொழும்பில் ஜனாதிபதி மாவத்தையில் நிற்கிற அந்தப் பெரிய கட்டடத்துக்கும், பொகவந்தலாவையில் விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நிற்கிற எனக்கும் என்ன சம்பந்தம்? நியாயமான கேள்வி. இன்றைக்கு நான் பேசப்போவது முழுவதும் அந்தக் கேள்விக்குப் பதில்தான்.

நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் கொழுந்து மடுவம். பின்நேர நிறுவைக்கு அம்மா வரிசையில் நிற்பாள். இடுப்பில் படங்கு, காலில் அட்டை கடித்த இரத்தம். சாக்கைத் தராசில் தொங்கவிட்டதும் முள் ஆடும். ஆடி நிற்பதற்குள் ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். சாக்குக்கு ஒரு கிலோ, தண்ணிக்கு இரண்டு கிலோ என்று கழியும். பதினெட்டு கிலோ பறித்தவளுக்குப் பதினைந்து விழும். அம்மா எழுதுகிறவரின் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். முள்ளைத்தான் பார்ப்பாள். "ஐயா, முள்ளு இன்னும் நிக்கலைங்க" என்பாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு எத்தனை துணிச்சல் வேண்டும் என்பது இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கொழுந்துக்கு நிறை இருப்பதுபோலப் பணத்துக்கும் நிறை இருக்கிறது. ஆயிரம் ரூபாத் தாளை எந்தத் தராசில் நிறுப்பது? கடையில்தான். அந்தத் தாளுக்கு எத்தனை கிலோ மா, எத்தனை கிலோ அரிசி, எத்தனை போத்தல் மண்ணெண்ணெய் வருகிறதோ, அதுதான் அதன் நிறை. அந்த நிறை குறையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நாடு ஒரு நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறது. அதுதான் மத்திய வங்கி.

2021 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று வர்த்தமானி வந்தது. அடிப்படை 900, படி 100. அந்த ஆயிரத்துக்காக எத்தனை வருஷம் காத்திருந்தோம்? எத்தனை ஊர்வலம்? 2018இல் காலிமுகத்திடலில் கறுப்புச் சட்டை போட்டு நம் பிள்ளைகள் திரண்டார்களே, அவர்கள் கேட்டதும் அந்த ஆயிரம்தானே? அது ஒருவழியாகக் கைக்கு வந்தது. வந்து இரண்டு வருஷம் ஆவதற்குள் என்ன நடந்தது?

அன்றைக்கு ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. 2022 நடுப்பகுதியில் அது 360 ரூபாவை ஒட்டி நின்றது. ஐந்து டொலர் பெறுமதியாக இருந்த நாட்சம்பளம் மூன்று டொலருக்கும் கீழே போயிற்று. ஓகஸ்ட் மாதம் ஓர் இரவில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது. ரொட்டி சுடுகிற மா கிலோ 400 ரூபாவைத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய வருஷத்தைவிட 69.8 வீதம் கூடியிருந்தது. உணவை மட்டும் எடுத்தால் 94.9 வீதம். நூறு ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமான் ஒரே வருஷத்தில் நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபா!

சம்பளத் துண்டை எடுத்துப் பாருங்கள். சங்கச் சந்தாவுக்கு ஒரு வரி, தீபாவளி முற்பணத்துக்கு ஒரு வரி, கோவிலுக்கு ஒரு வரி, சேமலாப நிதிக்கு ஒரு வரி. ஒவ்வொரு கழிவுக்கும் ஒரு வரி இருக்கும். இந்தப் பெரிய கழிவுக்கு மட்டும் வரியே இல்லை. சம்பளத்தில் ஏறக்குறையப் பாதியை எடுத்துக்கொண்டு போனது, துண்டில் ஓர் எழுத்துக்கூட எழுதாமல் போனது. மடுவத்தில் தண்ணிக்கென்று கழிப்பதைக் கண்ணால் பார்க்கலாம், வாய் திறந்து கேட்கலாம். இதை யாரிடம் கேட்பது?

கேட்க வேண்டிய இடம் இருக்கிறது. நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 கடைசியில் வரிகளை வெட்டினார்கள். அரசாங்கத்தின் வருமானம் விழுந்தது. கொள்ளைநோய் வந்தது. செலவுக்குக் காசு இல்லை. மத்திய வங்கி அரசாங்கத்தின் திறைசேரி உண்டியல்களைத் தானே வாங்கிக்கொண்டு புதுப் பணத்தைக் கொடுத்தது. 2021 முடியும்போது அந்த வங்கியின் கையில் ஒரு இலட்சம் கோடி ரூபாவுக்கும் மேலான உண்டியல்கள். மறுபக்கம், டொலரை 200 ரூபாவுக்குப் பக்கத்தில் பிடித்து வைப்பதற்காகக் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. 2022 மார்ச்சில் பிடி விட்டது. ஏப்ரல் 8ஆம் திகதி வங்கி தன் வட்டி வீதத்தை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. அடுத்த வருஷம் நவம்பரில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஆட்சியாளர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் உட்பட்ட சிலர் பொதுமக்கள் வைத்த நம்பிக்கையை மீறியதாகத் தீர்ப்பளித்தது. முள்ளைப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே சொல்லிவிட்டது.

என் வகுப்பில் ஒரு தம்பி கேட்டான்: "சேர், அரசாங்கத்துக்காகக் காசு அடிச்சாங்கதானே, எங்க சம்பளத்துக்காகவும் அடிச்சா என்ன?" நல்ல பிள்ளை, மனதில் பட்டதைக் கேட்டான். நான் அவனிடம் திருப்பிக் கேட்டேன்: மழையில் நனைந்த கொழுந்து கூட நிறுக்கும், இல்லையா? சாக்கு கனக்கும், முள் மேலே போகும். ஸ்டோருக்குப் போனபின் அந்தத் தண்ணீரிலிருந்து ஒரு கிராம் தேயிலையாவது வருமா? பொருள் கூடாமல் பணம் மட்டும் கூடினால் அது நனைந்த கொழுந்து. சம்பளம் கூட வேண்டும், கட்டாயம் கூட வேண்டும், ஆனால் அது தேயிலை விற்ற காசிலிருந்து வர வேண்டும்.

அந்தக் காசு வந்ததா? இதைத்தான் கவனமாகக் கேட்கச் சொல்கிறேன். ரூபா விழுந்த அதே 2022இல் கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோ தேயிலையின் சராசரி விலை ரூபா கணக்கில் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. தேயிலை டொலருக்கு விற்கிறது, நம் கை ரூபாவுக்கு விற்கிறது. ரூபா சரியும்போது தேயிலைக்காரனுக்கு ஒரு கைத்தாங்கல் கிடைக்கிறது, கொழுந்து பறிப்பவளுக்கு அது கிடைப்பதில்லை. கம்பெனிகளுக்கும் கஷ்டம் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்த பிறகு விளைச்சல் சரிந்து, 2022இல் நாடு முழுவதும் உற்பத்தி 25 கோடி கிலோவை ஒட்டி இறங்கியது. கால் நூற்றாண்டுக்கு மேல் அவ்வளவு குறைந்ததில்லை. டீசல், உரம் எல்லாம் ஏறின. எல்லாம் சரி. ஆனால் ஆயிரம் ரூபா ஆயிரம் ரூபாவாகவே இருந்தது. 2024 செப்டெம்பரில்தான் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. மூன்றரை வருஷம்!

நிலம் வைத்திருந்தவனுக்கு நிலத்தின் விலை கூடவே ஏறியது. வீடு வைத்திருந்தவனுக்கு வீடு. வெளிநாட்டில் பிள்ளை இருந்தவனுக்கு டொலர். நம்மிடம் என்ன இருந்தது? ரூபாவில் வருகிற நாட்சம்பளம் ஒன்றுதான். ஆகவே சொல்கிறேன்: இந்த நாட்டில் பணத்தின் நிறையைக் காப்பாற்றுகிற ஒரு வங்கி யாருக்கு மிகவும் தேவை? கொழும்பின் செல்வந்தருக்கா? அவருக்கு ஆயிரம் வழி உண்டு. அந்த வங்கி சரியாக வேலை செய்ய வேண்டும் என்று முதலில் குரல் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

இப்போது உங்களைக் கொஞ்சம் பின்னால் கூட்டிப்போகிறேன். இந்த நாட்டின் பணத்தாளே நம் மலையின் கதையிலிருந்து பிறந்தது என்றால் நம்புவீர்களா?

தேயிலைக்கு முன் இங்கே காப்பி. 1869இல் காப்பி இலையில் ஒரு துரு விழுந்தது. பத்துப் பதினைந்து வருஷத்தில் மலை மலையாகக் காப்பி செத்தது. அந்தத் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்து வைத்திருந்தது ஓரியண்டல் வங்கி. நாட்டில் புழங்கிய பணத்தாளில் பெரும் பகுதியும் அந்தத் தனியார் வங்கி அச்சடித்ததுதான். 1884 மே 3ஆம் திகதி அது கதவை மூடியது. கையில் இருக்கிற தாள் காசா, வெறும் காகிதமா? ஊரே நடுங்கியது. ஆளுநர் ஆர்தர் கோர்டன் துணிந்து, அந்தத் தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். அந்த வருஷமே சட்டம் வந்து, பணத்தாளை அரசாங்கமே வெளியிடத் தொடங்கியது. செத்துப்போன காப்பிச் செடிகளின் அடியில் முளைத்ததுதான் இந்த நாட்டின் அரசுப் பணத்தாள். அந்தச் செடிகளை நட்டவர்கள் மன்னாரிலிருந்து காட்டுவழியே கால்நடையாக வந்தவர்கள், நம் பாட்டன் பூட்டன்மார்.

அன்று அமைந்த நாணயச் சபை ஒரு பெட்டியைப் போன்றது. பெட்டியில் எவ்வளவு இருப்பு உண்டோ அவ்வளவுக்குத்தான் தாள். தேயிலையும் இறப்பரும் நல்ல விலைக்குப் போனால் நாட்டில் பணம் பெருகும். விலை விழுந்தால் பணம் வற்றும். 1930களின் உலக மந்தத்தில் அது வற்றியது. தாங்கிப் பிடிக்க அந்தப் பெட்டிக்குக் கையும் இல்லை, புத்தியும் இல்லை. தோட்டங்களில் கூலியைக் குறைத்தார்கள், ஆயிரக்கணக்கானவர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். மத்திய வங்கி இல்லாத நாடு எப்படியிருக்கும் என்று யாராவது கேட்டால் அந்த வருஷங்களைக் காட்டலாம்.

சுதந்திரம் வந்தது. ஜே. ஆர். ஜயவர்தன நிதி அமைச்சராக இருந்த அரசாங்கம் அமெரிக்க மத்திய வங்கியிலிருந்து ஜோன் எக்ஸ்டர் என்பவரை வரவழைத்தது. அவருடைய அறிக்கையின் பேரில் 1949இன் 58ஆம் இலக்க நாணயவிதிச் சட்டம் வந்தது. 1950 ஓகஸ்ட் 28ஆம் திகதி வங்கி திறந்தது. எக்ஸ்டரே முதல் ஆளுநர். அந்தச் சட்டம் வங்கிக்குக் கொடுத்த வேலைகளைப் பாருங்கள். பணத்தின் பெறுமதியைக் காப்பது ஒன்று. உற்பத்தியையும் வேலைவாய்ப்பையும் மக்களின் உண்மையான வருமானத்தையும் உயர்த்துவது ஒன்று. நாட்டின் உற்பத்தி வளங்களை முழுமையாக வளர்த்தெடுப்பது ஒன்று.

உற்பத்தி வளம் என்றால் அன்றைக்கு என்ன? தேயிலை. தேயிலை என்றால் யார்? இந்த மலையில் குனிந்து நின்ற பெண்கள். அதே 1949இல், அதே பாராளுமன்றத்தில், 48ஆம் இலக்கச் சட்டம் அந்தப் பெண்களின் வாக்கைப் பறித்தது. பத்து இலக்கம்தான் இடைவெளி! 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், இரண்டு வருஷத்தில் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை. வளத்தை வளர்க்க ஒரு சட்டம், வளத்தை உண்டாக்கியவர்களை வெளியே தள்ள இன்னொரு சட்டம். மத்திய வங்கியின் வரலாற்றை நான் எப்போது படித்தாலும் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் இருப்பேன்.

இருந்தாலும் ஒன்றை நன்றியோடு சொல்ல வேண்டும். வாக்காளர் பட்டியலில் நாம் இல்லாத அந்த நாட்களிலும் மத்திய வங்கியின் கணக்கில் நாம் இருந்தோம். 1953இல் தொடங்கிய அதன் நுகர்வோர் நிதி ஆய்வுகள், பின்வந்த சுற்றுகளில் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்து வருமானம், கடன், சாப்பாடு எல்லாவற்றையும் எழுதி வைத்தன. தோட்டத்தான் எப்படி வாழ்கிறான் என்று நாட்டுக்கு எண்ணில் சொல்லிய ஏடுகளில் அவை முக்கியமானவை. எண்ணப்படுவது சின்ன விஷயம் இல்லை, அன்புள்ளங்களே! எண்ணப்படாதவனுக்கு எதுவும் ஒதுக்கப்படுவதில்லை.

கடனைப் பற்றிப் பேசாமல் வளர்ச்சியைப் பேச முடியாது. நம் முன்னோர் இந்த மலைக்கு வந்ததே கடனோடுதான். கங்காணி கொடுத்த முற்பணம் கழுத்தில் ஏறி வந்தது. ஆளுக்கு எவ்வளவு கடன் என்று எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். துண்டைத் தீர்த்தால்தான் அடுத்த தோட்டத்துக்குப் போகலாம். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். நூறு வருஷம் கழிந்து இன்றைக்கு நிலை என்ன? நகையை அடகு வைக்கிறோம். சீட்டுப் பிடிக்கிறோம். கிழமைக் கடன்காரன் மோட்டார் சைக்கிளில் லயத்து வாசலுக்கு வருகிறான், ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்கிறார்கள், ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரின் முகம் சுண்டிப்போகிறது. வட்டி எத்தனை வீதம் என்று கேட்டால் கடன் வாங்கியவளுக்கே தெரியாது, கிழமைக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பது மட்டும் தெரியும். நுண்நிதி நிறுவனங்களுக்கு உத்தரவுப்பத்திரம் கொடுக்கும் அதிகாரத்தை 2016இன் சட்டம் மத்திய வங்கியின் கையில்தான் வைத்தது. உத்தரவு எடுக்காமலே கடன் கொடுக்கிறவர்கள் அந்த வேலிக்கு வெளியே நின்றார்கள்.

நம் பெண்கள் ஏன் பெரிய வங்கிக்குப் போவதில்லை? போகிறார்கள். போனால் "காணி உறுதி இருக்கா?" என்று கேட்கிறார்கள். லயத்துக்கு ஏது உறுதி? ஏழு பேர்ச்சில் கட்டிய புது வீட்டுக்குக்கூடப் பலருக்கு உறுதி கைக்கு வரவில்லை. இருநூறு வருஷமாக ஒரே மண்ணில் வேலை செய்த குடும்பம், பிணை வைக்க ஒரு பிடி மண் இல்லாமல் திரும்பி வருகிறது. தோட்டத்தில் ஒரு பசு வாங்க, மரக்கறிப் பாத்தி போட, ஹட்டன் டவுனில் ஒரு தையல் கடை திறக்கப் பணம் வேண்டும். அந்தப் பணம் நியாயமான வட்டிக்கு வந்தால் அதற்குப் பெயர்தான் பொருளாதார வளர்ச்சி.

மத்திய வங்கியால் இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். கடலுக்கு அப்பால் பாருங்கள். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 1950களின் தொடக்கத்தில் கிராமக் கடன் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. விவசாயி யாரிடம் கடன் வாங்குகிறான் என்று வீடு வீடாகக் கேட்டது. வட்டிக்காரனிடம்தான் என்று தெரிந்ததும் சும்மா இருக்கவில்லை. அதன் தொடர்ச்சியாக 1955இல் ஸ்டேட் வங்கி அமைந்தது, 1982இல் விவசாயத்துக்கும் கிராம வளர்ச்சிக்குமான நபார்டு வங்கி வந்தது. வங்கிகள் கொடுக்கும் கடனில் நாற்பது வீதம் விவசாயம், சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குப் போக வேண்டும் என்ற விதியும் வந்தது. வங்காளதேசத்தில் 2010இல் மத்திய வங்கி, பத்து டாக்காவோடு விவசாயி கணக்குத் திறக்கலாம் என்றது. இதற்கெல்லாம் காசு அடிக்கத் தேவையில்லை. நாட்டில் இருக்கிற சேமிப்பு யார் வாசலுக்குப் போகிறது என்று பார்க்கிற கண்தான் தேவை. உறுதிக்குப் பதிலாகப் பத்து வருஷச் சம்பளத் துண்டைப் பிணையாக ஏற்றால் என்ன? மாதம் தவறாமல் வேலைக்குப் போகிறவளின் உழைப்பு ஒரு பிணை இல்லையா?

சேமிப்பு என்றதும் நம்முடைய சேமிப்பு நினைவுக்கு வருகிறது. ஊழியர் சேமலாப நிதியம், 1958இன் சட்டம். நம் சம்பளத்தில் எட்டு வீதம், தோட்டம் போடுவது பன்னிரண்டு வீதம். அந்தக் காசை வைத்துக் காப்பது யார்? மத்திய வங்கி. நம்மில் பலருக்கு இது தெரியாது. வங்கிக் கணக்கே இல்லாத பெண்ணுக்கும் மத்திய வங்கியில் காசு இருக்கிறது! 2022ஆம் வருஷத்துக்கு அந்த நிதியம் கொடுத்த வட்டி ஒன்பது வீதம். அந்த டிசம்பரில் விலைவாசி 57 வீதம் கூடியிருந்தது. ஒரு இலட்சம் வைத்திருந்தவளுக்கு ஒரு இலட்சத்து ஒன்பதாயிரம். அவள் வாங்க வேண்டிய சாமானுக்கோ ஒரு இலட்சத்து ஐம்பத்தேழாயிரம். முப்பது வருஷம் குனிந்து சேர்த்த காசு அது. சில தோட்டங்கள் பிடித்த காசையே கட்டாமல் வைத்திருக்கின்றன என்பது இதற்கு மேலே இன்னொரு துயரம்.

2023இல் புதுச் சட்டம் வந்தது. 16ஆம் இலக்கச் சட்டம். விலை உறுதிதான் இனி வங்கியின் முதல் வேலை. அரசாங்கத்துக்காகப் பணம் அடிக்க முடியாது. திறைசேரிச் செயலாளருக்கு வங்கியின் சபையில் ஆசனம் இல்லை. நான் இதை வரவேற்கிறேன், மனதார வரவேற்கிறேன். வட்டியை ஏற்றி, எல்லோரையும் வலிக்க வைத்து, 2023 யூலைக்குள் பணவீக்கத்தை 6.3 வீதத்துக்கு இறக்கினார்கள். விலை இறங்கியதா? இல்லை, ஏறுகிற வேகம்தான் இறங்கியது. நானூறுக்கும் முந்நூறுக்கும் போன சாமான் பழைய விலைக்குத் திரும்பவில்லை.

இப்போது வங்கிக்கு ஓர் இலக்கு உண்டு: பணவீக்கம் ஐந்து வீதம். எந்தத் தராசில் நிறுத்து ஐந்து? கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண். கொழும்பு நகரக் குடும்பம் ஒன்றின் கூடை அது. அந்தக் கூடையில் உணவுக்கு நான்கில் ஒரு பங்கை ஒட்டித்தான் இடம். உங்கள் வீட்டில் சம்பளத்தில் எவ்வளவு சாப்பாட்டுக்குப் போகிறது? கைதூக்கிச் சொல்லுங்கள். பாதியா? பாதிக்கு மேலா? மாவும் பருப்பும் தேங்காயும் ஏறி, கொழும்பு வீட்டு வாடகையும் தொலைபேசிக் கட்டணமும் ஏறாமல் இருந்தால், அந்தத் தராசில் முள் கொஞ்சம்தான் அசையும். லயத்து அடுப்படியில் முள் எங்கேயோ போய் நிற்கும். 2019இல் நாட்டில் வறியவர்கள் நூற்றுக்குப் பதினான்கு பேர், தோட்டத்தில் நூற்றுக்கு முப்பத்து நான்கு பேர் என்று அரசாங்கத்தின் தொகைமதிப்புத் திணைக்களமே சொன்னது. அப்படிப்பட்ட மக்களின் செலவை நிறுக்க ஒரு தராசு வேண்டாமா? நகரம், கிராமம், தோட்டம் என்று அன்றைக்குப் பிரித்து எண்ணிய வங்கி, தோட்டத்துக்கு ஒரு விலைச் சுட்டெண் கேட்டால் தராதா? சம்பளச் சபையில் பேசப் போகிறவர்களின் கையில் அந்த எண் இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

ஆகையால் உயர்தர வகுப்புத் தம்பி தங்கைகளிடம் ஒரு வேலை ஒப்படைக்கப் போகிறேன். மஸ்கெலியா, தலவாக்கலை, ராகலை, கந்தப்பளை, அக்கரப்பத்தனை என்று பல இடங்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். மாதத்தில் ஒரே நாள், சம்பளத்துக்கு மறுநாள், உங்கள் தோட்டத்துக் கடைக்குப் போய்ப் பதினைந்து சாமான்களின் விலையை எழுதுங்கள். மா, அரிசி, பருப்பு, சீனி, தேங்காய், நெத்தலி, மண்ணெண்ணெய், சவர்க்காரம், பிள்ளையின் கொப்பி, டவுனுக்கு பஸ் காசு போன்றவை. அம்மாவிடம் கேட்டு, அந்த மாதம் எது எவ்வளவு வாங்கினீர்கள் என்றும் எழுதுங்கள். கடைக்காரர் சொல்கிற விலையை மட்டும் எழுதாதீர்கள், அவருடைய தராசின் முள் நின்ற பிறகு எழுதுங்கள். பன்னிரண்டு மாதம் கழித்து இதே மண்டபத்தில் கூடுவோம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி மத்திய வங்கிக்கும் தொகைமதிப்புத் திணைக்களத்துக்கும் நாமே நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம்.

வாசலுக்குப் பக்கத்து மேசையில் அறுபது கொப்பிகள் அடுக்கி வைத்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கொன்று எடுத்து, முதல் பக்கத்தில் தோட்டத்தின் பெயரையும் டிவிசனின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.